செம்மண் காட்டுக்கு எந்த மெட்டல் டிடெக்டர்?

கொங்குச் செம்மண்ணில் இரும்புச்சத்து உண்டு. அதனால் டிடெக்டரில் முதலில் பார்க்க வேண்டியது கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணிலிருந்து வரும் சிக்னலை ஒதுக்கும் வசதி. கேரெட் ஏஸ் 250 என்ற மாடலில் அதை நாம் மாற்ற முடியாது. செவ்வல் காட்டில் வீணாகக் கத்தும். சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) குறைத்தாலோ ஆழத்தில் இருப்பது தெரியாமல் போய்விடும். நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் மாடல் தேவலை. உலோகம் இல்லாத இடத்தில் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி காயிலை (அடியில் உள்ள தட்டை) தரைக்கு மேல் ஏற்றி இறக்கினால் மண்ணுக்குத் தகுந்தபடி சரியாகிக்கொள்ளும். மழை பெய்து ஈரம் மாறினால் மறுபடி செய்யுங்கள். வேண்டாத உலோகங்களை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை ரொம்ப ஏற்றாதீர்கள். துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் சின்னக் காசும் சேர்ந்து மறைந்துவிடும்.

கொடுமணல் மாதிரி அகழாய்வு நடந்த இடங்களுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். வேறெங்கு புதையல் கிடைத்தாலும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.