பாலக்காட்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பாதுகாப்பு வகுப்பு: ஒரு மதிப்புரை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வளைகுடா எண்ணெய் வயல்களுக்கு வேலைக்குச் செல்லும் தமிழர்களிடம், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயுவிலிருந்து தற்காத்துக்கொள்ளப் பயின்றதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கப்படுவது வழக்கம். அதற்காகப் பாலக்காட்டுப் பயிற்சி மையம் ஒன்றில் நான் பயின்ற வகுப்பைப் பற்றியது இம்மதிப்புரை. குறைகளும் சொல்லவிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

வகுப்பின் சிறப்பு, இந்த நச்சு வாயு நிலத்தடியில் எங்கிருந்து வருகிறது என்று விளக்கிய பகுதிதான். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசுக்குக் கீழே உள்ள பாறைகளில், பிராணவாயு இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி இவ்வாயுவை வெளியிடுகின்றன. அளவு மிகுந்தால் அது அவற்றுக்கே நஞ்சாகிவிடுவதால், இவ்வழியில் பெருமளவு சேர்வதில்லை. ஆழத்தில் வெப்பம் 100 முதல் 140 டிகிரியைத் தாண்டும்போது, நுண்ணுயிரின் துணையின்றியே, சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே படிந்துள்ள அன்ஹைட்ரைட்டு என்னும் கால்சியம் சல்பேட்டுடன் எரிவாயு வினைபுரிந்து, கால்சைட்டு என்னும் கால்சியம் கார்பனேட்டும் நீரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகின்றன. மணற்பாறையில் இரும்பு போதிய அளவு இருந்தால் வாயு பைரைட்டு என்னும் இரும்புக் கந்தகக் கனிமமாகக் கட்டுண்டுவிடும். இரும்பு குறைந்த சுண்ணாம்புப் பாறையில் அது வாயுவாகவே தங்கிவிடும். 1951-இல் கண்டறியப்பட்ட பிரான்சின் லாக் எரிவாயு வயலின் வாயுவில் சுமார் 15 விழுக்காடும், நம்மவர் பலர் வேலை பார்க்கும் அபுதாபியின் ஷா வயலில் சுமார் 23 விழுக்காடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுத்தத்தைக் காக்கக் கடல்நீரைச் செலுத்தும் எண்ணெய் வயல்களில், அந்நீரின் சல்பேட்டால் நுண்ணுயிர்கள் பெருகி, தொடக்கத்தில் தூய்மையாக இருந்த கிணறும் பின்னாளில் நஞ்சாகலாம் என்பதையும் ஆசிரியர் விட்டுவிடவில்லை. பழைய கிணறுதானே என்று அலட்சியமாக நிற்பவர்கள் கேட்க வேண்டிய பாடம் இது.

வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளங்களில் தேங்கும், பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் அழுகிய முட்டை நாற்றமே தெரியாது என்பவையும் சுருக்கமாகச் சொல்லப்பட்டன.

செய்முறைப் பயிற்சியில்தான் ஏமாற்றம். காற்று உருளையுடன் கூடிய சுவாசக் கருவியை ஆளுக்கு ஒருமுறை மாட்டிக் கழற்றியதோடு முடித்துவிட்டார்கள். முகக்கவசம் கசிகிறதா என்று சோதிக்கவும் நேரம் தரவில்லை. ஆசிரியர் தமிழும் கலந்து பேசினார் என்றாலும், கையேடு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. கட்டணம் நியாயமானது. சேர விரும்புவோர், கருவிப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.