சிறு பொதி விற்குமா? வினாக்கொத்தா, குழு உரையாடலா, கடைப் பரிசோதனையா

இலங்கை மலையகத்தில், ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 400 கிராம் பால்மா விற்கும் நிறுவனம் சிறு பொதி இறக்க நினைத்தால், முதலில் அச்சடிப்பது வினாக்கொத்தைத்தான். இந்தக் கேள்விக்கு அது மிகப் பலவீனமான கருவி.

"இப்போது எத்தனை வீட்டில் பால்மா வாங்குகிறார்கள்?" என்பதற்கு வினாக்கொத்து சரி. 95% நம்பிக்கையில் ±5% பிழைக்கு (நூறு தடவை கேட்டால் 95 தடவை விடை உண்மையிலிருந்து 5 புள்ளிக்குள் இருக்க) 384 வீடுகள் என்பது பாடக் கணக்கு. ஆனால் ஒரே தேயிலைத் தோட்டத்தார் ஒரே கடையில், ஒரே சம்பளத்தில் வாங்குபவர்கள், பதில்களும் ஒத்துப்போகும். அந்த ஒற்றுமை (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே பதில்) 0.1 என்று வைத்தால், தோட்டத்துக்கு 20 வீடாக எடுத்த 384, உண்மையில் சுமார் 132 வீட்டுக்குத்தான் சமம். தோட்டத்துக்கு 5 வீடு எடுத்தால் 274. பஸ் செலவு கூடினாலும் தோட்டங்களைக் கூட்டுங்கள். பகலில் லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) போனால் கொழுந்து பறிப்பவர்கள் மலையில் இருப்பார்கள். ஓய்வுபெற்றவர்களின் பதில்தான் கிடைக்கும். "சிறு பொதி வந்தால் வாங்குவீர்களா?" என்றால் வந்தவர் மனம் நோகாமல் "வாங்குவோம்" என்பார்கள். அதை விற்பனையாக எண்ணவே கூடாது.

'ஏன்' என்று அறியக் குழு உரையாடல்: 6 முதல் 8 பேர், மூன்று நான்கு குழு. பெண்கள் தனியாக, ஞாயிற்றுக்கிழமையில். வேலையை மேற்பார்க்கும் கங்காணி பக்கத்தில் இருந்தால் பேச்சு மாறிவிடும். இதிலிருந்து சதவீதம் சொல்ல முடியாது.

சிறு பொதியால் விற்பனை கூடுமா என்பதைக் கடைப் பரிசோதனைதான் சொல்லும். 12 கடைகள், எந்த ஆறில் சிறு பொதியை வைப்பது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். ஹட்டனும் கொட்டகலையும் ஒரே பஸ் பாதை, வாடிக்கையாளர் கலந்துவிடுவார்கள். ஆகவே கடைகள் தள்ளித் தள்ளி இருக்கட்டும். வாரந்தோறும் தொடக்க இருப்புடன் கொள்வனவைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழியுங்கள். கடன் கொப்பி விற்பனையும் அதில் அடங்கிவிடும்.

பெரிதும் பிழை வருவது காலக்கணக்கில். சம்பளம் பத்தாம் திகதியளவில் வருவதால் வாரத்தை வாரத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றும். பொதியை வைக்கும் முன்னே ஒரு முழுச் சம்பளச் சுற்று, வைத்த பின்னே இரண்டு அளக்க வேண்டும். தீபாவளி முற்பணம் கொடுக்கும் மாதத்தைத் தவிருங்கள். சோதனைக் கடைகள் 100 கிலோவிலிருந்து 130க்கும் மற்றவை 100இலிருந்து 118க்கும் ஏறினால், பொதியின் பங்கு 12தான், 30 அல்ல. பொதிகளை எண்ணாமல் மொத்தக் கிலோவைப் பாருங்கள்: பெரிய பொதி வாங்கியவரே சிறியதற்கு மாறியிருக்கலாம். 12 கடையில் பெரிய வித்தியாசம்தான் தெரியும். சிறிய வித்தியாசம் முக்கியமென்றால் கடைகளைக் கூட்ட வேண்டும்.

பணம் குறைவென்றால் இரண்டு குழு உரையாடலோடு கடைப் பரிசோதனைக்குப் போய்விடலாம், வினாக்கொத்தை விட்டுவிடுங்கள்.