நிறுத்தினால் என்ன ஆகும்? ஒவ்வாமை மருந்துகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒவ்வாமைக்கு எந்த மருந்து சிறந்தது என்று கேட்டால் நேரான விடை கிடைக்காது. அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். இந்த மருந்து ஒவ்வாமையின் எந்தக் கட்டத்தில் குறுக்கே நிற்கிறது? இதை நிறுத்திய பிறகு என்ன ஆகும்? முதல் கேள்வியை விளம்பரங்களே ஓரளவு தொடும். இரண்டாவதை யாரும் பேசுவதில்லை. மருந்துகளைத் தரம் பிரிக்க அதுதான் உருப்படியான அளவுகோல் என்பது என் கருத்து.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். மகரந்தத்திலோ தூசி உண்ணியின் கழிவிலோ உள்ள புரதம் முதன்முறை உடலைத் தொடும்போது வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டுபோய், நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி செல்களிடம் காட்டுகின்றன. ஒவ்வாமைக்கு உள்ளாகும் உடலில் அந்த டி செல்கள் டிஎச்2 என்ற வகையாக மாறி, இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அந்தக் கட்டளையின் பேரில் பி செல்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன. இரத்தத்தில் திரியும் ஐஜிஇ இரண்டு நாட்களுக்குள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆனால் மூக்கிலும் தோலிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்ட ஐஜிஇ வாரக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும். அடுத்த முறை அதே புரதம் வந்து அருகருகே உள்ள ஐஜிஇகளை இணைத்த சில நிமிடங்களில் மாஸ்ட் செல் தன் கையிருப்பைக் கொட்டிவிடுகிறது. அதில் முதன்மையானது ஹிஸ்டமின். தும்மல், அரிப்பு, மூக்கொழுகல் எல்லாம் அதன் வேலை. கூடவே லூக்கோட்ரையின்கள், புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற அழற்சிப் பொருள்களும் புதிதாக உருவாகின்றன. கதை அத்துடன் முடிவதில்லை. சில மணி நேரம் கழித்து ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரண்டு வந்து இரண்டாவது அலையைக் கிளப்புகின்றன. வீக்கமும் பிடிவாதமான மூக்கடைப்பும் பெரும்பாலும் இந்த இரண்டாவது அலையைச் சேர்ந்தவை.

இந்த ஐஜிஇ கையில் சிக்க நெடுநாள் ஆயிற்று. மீன் ஒவ்வாமை இருந்த குஸ்ட்னர் என்ற மருத்துவரின் இரத்தச் சீரத்தை அவருடைய சகா பிரௌஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தோல் தடித்தது. ஒவ்வாமையைத் தூண்டும் ஏதோ ஒன்று சீரத்தில் இருக்கிறது என்பது 1921இல் இப்படித்தான் நிரூபணமானது. அந்த ஏதோ ஒன்று ஐஜிஇதான் என்று இஷிசாகா தம்பதியர் அமெரிக்காவிலும், ஜொஹான்சனும் பென்னிச்சும் ஸ்வீடனிலும் கண்டறிந்தது 1960களின் பிற்பகுதியில். இன்றைய எந்த ஆராய்ச்சி நெறிக்குழுவும் பிரௌஸ்னிட்ஸின் சோதனைக்கு அனுமதி தராது.

மாத்திரையும் ஸ்பிரேயும்

ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கிறது. ஐஜிஇ குறையாது, மாஸ்ட் செல் வெடிப்பதும் நிற்காது. ஹிஸ்டமின் போய் அமரும் எச்1 ஏற்பியை மட்டும் மருந்து செயலற்ற நிலையில் பிடித்து வைத்துக்கொள்கிறது. வேகம் இதன் பலம். செட்டிரிசின் போன்றவை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். தும்மல், அரிப்பு, தோல் தடிப்பு ஆகியவற்றுக்கு நல்ல பலன் தரும். மூக்கடைப்பில் மட்டும் ஏமாற்றும். அடைப்பை உண்டாக்குவதில் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு என்பதே காரணம். "மாத்திரை போட்டும் மூக்கு திறக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு ஒரு மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறவர்கள் பெரும்பாலும் தவறான கண்ணியைத்தான் மாற்றி மாற்றிப் பிடித்து இழுக்கிறார்கள்.

மாத்திரைகளுக்குள்ளேயே இரண்டு தலைமுறைகள் உண்டு. டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்ற பழையவை மூளைக்குள் எளிதாக நுழைந்துவிடும். தூக்கம் வருவதை நாம் உணர்ந்தால்கூடப் பரவாயில்லை. உணராத நிலையிலும் வண்டி ஓட்டும் திறன் மந்தமாகிறது என்பதுதான் ஆபத்து. லோராடடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதியவை மூளைக்குள் அதிகம் போவதில்லை. செட்டிரிசின் இரண்டுக்கும் இடையில், சிலருக்குச் சற்று மயக்கம் தரும். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாற்றுடன் விழுங்கினால் உடல் அதைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் தண்ணீரே நல்லது. இந்த மருந்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. டெர்ஃபெனடின் என்ற மாத்திரை, எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளுடன் சேரும்போது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்ததால் 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. கல்லீரல் அந்த டெர்ஃபெனடினை மாற்றித் தரும் பொருள்தான் ஃபெக்சோஃபெனடின். பலன் இருந்தது, இதயச் சிக்கல் இல்லை. மூலத்தைத் தூக்கியெறிந்து விளைபொருளை வைத்துக்கொண்டார்கள்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு ரகம். ஃபுளுட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை சளிச்சவ்வின் செல்களுக்குள் புகுந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களின் செயல்பாட்டைத் தணிக்கின்றன. ஆகவே ஹிஸ்டமின் மட்டுமல்ல, அந்த இரண்டாவது அலையும் அடங்குகிறது. தும்மல், ஒழுகல், அடைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தொடர்ந்து மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாத்திரையைவிட ஸ்பிரேதான் மேல். இதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இரண்டு காரணங்களால் அது அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்குகிறது. ஒன்று, முழுப் பலன் தெரியப் பல நாட்கள், சிலருக்கு இரண்டு வாரங்கள்கூட ஆகும். மூன்று நாள் அடித்துப் பார்த்துவிட்டு மூலையில் போடுகிறார்கள். இன்னொன்று, அடிக்கும் முறை. முனையை மூக்கின் நடுத்தண்டை நோக்கி வைத்தால் அங்கே புண்ணாகி இரத்தம் கசியும். வலது துவாரத்துக்கு இடது கையால், இடது துவாரத்துக்கு வலது கையால் அடித்தால் மருந்து தானாகவே வெளிப்பக்கச் சுவரை நோக்கிப் போகும். பலமாக உறிஞ்சினால் தொண்டைக்குள்தான் இறங்கும்.

'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டவுடன் வரும் அச்சம் இங்கே அளவுக்கு மிஞ்சியது. ஃபுளுட்டிகசோன், மொமெட்டசோன் இரண்டிலும் மூக்கு வழியாக இரத்தத்துக்குள் போவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. குழந்தைகளுக்கு நீண்டகாலம் தருவதாக இருந்தால் மட்டும் உயரத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பது முறை. உண்மையில் பயப்பட வேண்டிய ஸ்பிரே வேறொன்று: ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகை. இரத்தக் குழாய்களைச் சுருக்கி நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். சில நாட்களைத் தாண்டித் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும்.

நிறுத்தினால்? மாத்திரையின் பயன் ஓரிரு நாட்களில் போய்விடும். மேலும், செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் இரண்டையும் மாதக்கணக்கில் தினமும் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்திய சிலருக்குக் கடுமையான அரிப்பு வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் எச்சரித்தது. ஸ்பிரேயின் பலன் கொஞ்சம் நீடித்து மெல்லக் கரையும். இரண்டில் எதுவும் நோயின் போக்கை மாற்றுவதில்லை.

இம்யூனோதெரபியும் பயாலஜிக்கும்

நோயின் போக்கை மாற்றுவது இம்யூனோதெரபி. எது ஒவ்வாததோ அதையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்குவது. லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியாக ஏற்றி 1911இல் இதை வெளியிட்டபோது ஐஜிஇ என்று ஒன்று இருப்பதே தெரியாது. காரணம் புரியாமலே கண்டுபிடித்த வைத்தியம் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. இன்று காரணமும் ஓரளவு புரிகிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகி இன்டர்லூகின்-10ஐச் சுரக்கின்றன. ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருள் உருவாகி, ஒவ்வாப் பொருள் ஐஜிஇயை எட்டுமுன் வழிமறிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தொடக்க மாதங்களில் ஐஜிஇ குறையாமல் உயரவே செய்யும். இரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்ப்பவர் பயந்துபோவார்.

மூன்று ஆண்டுகளாவது தொடர வேண்டும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், புல் மகரந்த ஊசியை மூன்று நான்கு ஆண்டுகள் எடுத்து நிறுத்தியவர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுகளும் பலன் நீடித்தது. இரண்டு ஆண்டுகளோடு நிறுத்திப் பார்த்த 2017ஆம் ஆண்டின் ஆய்வில், ஓராண்டு கழித்து வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்று ஆண்டு பொறுமை இல்லாதவர் இதைத் தொடங்காமலிருப்பதே நல்லது என்பேன். ஊசியா, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையா என்பது அடுத்த கேள்வி. ஊசிக்குப் பின் மருத்துவமனையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அரிதாகக் கடும் எதிர்வினை வரும் என்பதால். நாவடி மாத்திரையில் அந்த ஆபத்து இன்னும் குறைவு, வாய் அரிப்பு அதிகம்; தினமும் மறக்காமல் எடுப்பது நோயாளியின் பொறுப்பு. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா இருந்தால் இரண்டுமே கூடாது.

ஓமலிசுமாப் போன்ற பயாலஜிக் மருந்துகள், அதாவது உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கும் மருந்துகள், இதற்கு நேரெதிர். ஓமலிசுமாப், ஐஜிஇயைப் பிடித்து மாஸ்ட் செல்லில் ஒட்டவிடாமல் தடுக்கும் எதிர்ப்பொருள். 2003இல் ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024இல் உணவு ஒவ்வாமைக்கும். அதற்கு அடிப்படையான ஆய்வில், 600 மில்லிகிராம் நிலக்கடலைப் புரதத்தைத் தாங்கியவர்கள் மருந்து பெற்றோரில் 67 விழுக்காடு, வெற்று மருந்து பெற்றோரில் 7 விழுக்காடு. பெரிய வித்தியாசம்தான். ஆனால் 600 மில்லிகிராம் என்பது இரண்டு மூன்று கடலை. தெரியாமல் வாயில் பட்டுவிட்டால் காப்பாற்றும், விரும்பித் தின்ன உரிமம் தராது. எக்சிமா என்ற தோல் அழற்சி தீவிரமாக உள்ளவர்களுக்கு 2017இல் வந்த டுபிலுமாப் இன்னும் மேலே போய் இன்டர்லூகின்-4, 13 இரண்டின் கட்டளைகளையும் அறுக்கிறது. கண் சிவந்து அழற்சி வருவது அதன் அறிந்த பக்கவிளைவு.

இவற்றின் வீச்சு அகலமானது. இம்யூனோதெரபி புல்லுக்கென்றால் புல்லுக்கு மட்டும். ஓமலிசுமாப் எந்தப் பொருளின் ஐஜிஇ என்று பார்ப்பதில்லை. ஆனால் ஊசியை நிறுத்திய சில மாதங்களில் ஐஜிஇ மீண்டும் மாஸ்ட் செல்களை நிரப்பிவிடும். தீவிர நோய்க்கு, அல்லது உணவு ஒவ்வாமைக்கான வாய்வழி இம்யூனோதெரபியைப் பாதுகாப்பாகத் தொடங்க ஒரு துணையாக, இது பொருத்தம். சாதாரண மூக்கொழுகலுக்கு இதைக் கேட்பது மிகை.

அட்ரினலின் இந்தப் போட்டியில் இல்லை. மூச்சுத் திணறல், இரத்த அழுத்தச் சரிவு என்று அனாஃபிலாக்சிஸ் வந்தால் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போட வேண்டியது அதுதான். ஆன்டிஹிஸ்டமினைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவது.

எதைத் தேர்ந்தாலும், குறிப்பாக இம்யூனோதெரபியை, எதற்கு ஒவ்வாமை என்று தெரிந்திருக்க வேண்டும். தோல் குத்துச் சோதனையில் தடிப்பு வந்தால் ஐஜிஇ இருக்கிறது என்று மட்டுமே பொருள். அந்தப் பொருள்தான் தொல்லை தருகிறதா என்பதை அறிகுறிகளோடு பொருத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்தச் சோதனைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு நிறுத்த வேண்டும், இல்லையேல் தடிப்பு வராமலே போகும். மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்தத் தேவையில்லை. ஓமலிசுமாப் எடுப்பவருக்குத் தோல் சோதனை மாதக்கணக்கில் மழுங்கியிருக்கும். அவருடைய இரத்தத்தில் மொத்த ஐஜிஇ அளவோ மருந்தாலேயே உயர்ந்து காட்டும்.