தி டிவிஷன் பெல்: நெடுநாள் கேட்ட பின் எஞ்சி நிற்பவை

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி டிவிஷன் பெல்' ஆல்பம் 1994 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் வெளியானது. முதலில் ஒலிநாடாவாகவும், பின்னர் சி.டி.யாகவும் இசைத்தட்டாகவும், இப்போது கைபேசிச் செயலியிலும் அதைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். ஓர் இசைத்தொகுப்போடு இவ்வளவு காலம் புழங்கிய பிறகு எழுதுவது வேறு, அது வெளிவந்த வாரத்தில் எழுதுவது வேறு. அன்று உடனே பிடித்துப்போன சில பாடல்கள் வெளுத்துவிட்டன. தாண்டிச் சென்ற சில முன்னுக்கு வந்திருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் மனம் விட்டுப் பேச முடியாமல் போவதே இத்தொகுப்பின் பொருள். அதைச் சொற்களால் பாட முயலும் இடங்களில் தொகுப்பு அடிக்கடி தடுமாறுகிறது. சொற்களை ஒதுக்கிவிட்டு கித்தாரும் கீபோர்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடங்களில் நிமிர்ந்து நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ளக் குழுவின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியில் பாடல்களும் முடிவுகளும் பெரும்பாலும் பேஸ் கித்தார் கலைஞரும் பாடகருமான ரோஜர் வாட்டர்ஸ் கைக்குப் போயின. 'தி வால்' ஆல்பம் உருவான காலத்தில் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் வெளியேற்றப்பட்டார். 1985இல் வாட்டர்ஸும் விலகினார். 1987இல் வந்த 'எ மொமன்ட்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' குழுவின் பெயரைத் தாங்கியிருந்தாலும், கித்தார் கலைஞரும் பாடகருமான டேவிட் கில்மோரும் வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட கலைஞர்களும் சேர்ந்து செய்த ஆல்பமாகவே காதுக்குப் படுகிறது. திரும்பி வந்த ரைட்டும் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனும் அதில் இருந்தும் இல்லாதவர்கள்.

அடுத்த ஆல்பத்துக்காக 1993இல் கில்மோர், ரைட், மேசன் மூவரும் லண்டன் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில் கூடியபோது, கையில் எழுதிய பாடல் ஏதும் வைத்துக்கொள்ளாமல், மனம் போன போக்கில் வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். பேஸ் கித்தார் கலைஞர் கை பிராட்டும் விரைவில் சேர்ந்துகொண்டார். அப்படித் திரண்ட பல பத்து இசைத் துணுக்குகளிலிருந்து நல்லவற்றைப் பொறுக்க மதிப்பெண் முறை ஒன்றை வைத்தார்கள். ரைட் தன் மெட்டுகளுக்கெல்லாம் முழு மதிப்பெண்ணும் மற்றவர்களுடையவற்றுக்குச் சுழியமும் போட்டதாகக் கில்மோர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பதினெட்டு ஆண்டுகளாகத் தன் மெட்டு ஒன்றுகூட இக்குழுவின் ஆல்பத்தில் இடம்பெறாத மனிதர் அப்படிச் செய்ததில் எனக்கு வியப்பில்லை. 1975இன் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்துக்குப் பிறகு ரைட்டின் பெயர் இசையமைப்பாளர் வரிசையில் மீண்டும் வருவது இங்கேதான். பதினொரு தடங்களில் ஐந்தில் வருகிறது. பின்னர் பதிவுகள் தேம்ஸ் ஆற்றில் நிற்கும் கில்மோரின் படகு ஸ்டுடியோவான 'ஆஸ்டோரியா'வில் தொடர்ந்தன. பாப் எஸ்ரின் கில்மோருடன் இணைந்து தயாரித்தார்.

முதல் தடமான 'கிளஸ்டர் ஒன்' அந்த வாசிப்பின் மணம் மாறாதது. தொடக்கத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேலாக இசையே இல்லை. சூரியக் காற்றால் எழும் மின்காந்த இரைச்சலின் பதிவு பொரிந்துகொண்டே இருக்கிறது. தங்கள் பிரதியில் ஏதோ பழுது என்று அந்நாளில் பலர் நினைத்தார்களாம். பிறகு கித்தார் ஒரு சிறு தொடரை இசைத்து நிறுத்துகிறது, பியானோ அதற்கு விடை சொல்கிறது; மறுபடி கித்தார், மறுபடி பியானோ. யாரும் யாரையும் முந்துவதில்லை. தாளம் வந்து சேர்வதற்கே வெகுநேரம் ஆகிறது. பயணத்தில் கேட்க இது ஏற்றதல்ல, பேருந்தின் இரைச்சலில் பாதி தொலைந்துவிடும். வீட்டில் அறை அடங்கிய பிறகு ஒலிபெருக்கியில் கேட்கும்போதுதான் இரண்டு கருவிகளுக்கும் நடுவே விடப்பட்ட வெளி பிடிபடுகிறது.

இன்னொரு வாத்திய இசைத் தடமான 'மரூண்ட்', 1995இல் ராக் வாத்திய இசைக்கான கிராமி விருதைப் பெற்றது. கால்மிதி ஒன்றின் உதவியால் கில்மோர் தன் கித்தாரின் சுரங்களை ஒரு ஸ்தாயி முழுவதும் வழுக்கி மேலே கொண்டுபோகிறார். கமகத்துக்குப் பழகிய நம் காதுகளுக்கு இந்த வழுக்கல் அந்நியமாகப் படாது. ஆனால் நெடுநாள் கேட்டதில் என் கவனம் கித்தாரிலிருந்து அதன் அடியில் ரைட் விரித்திருக்கும் கீபோர்டு சுரக்கூட்டங்களுக்குப் போய்விட்டது. அவர் அவற்றை மாற்றும் நொடியில்தான் கில்மோர் அடுத்த திசைக்குத் திரும்புகிறார். மேலே நடப்பது சாகசம் என்றால், அதற்கு வழி காட்டுபவர் கீழே அமர்ந்திருக்கிறார்.

இத்தொகுப்பில் நான் மிக அதிகமாகத் திரும்பிச் செல்லும் பாடல் 'வேரிங் தி இன்சைட் அவுட்'. இசை ரைட்டுடையது, வரிகள் ஆந்தனி மூர் எழுதியவை. 1973இன் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்துக்குப் பிறகு ரைட் முதன்மைக் குரலில் பாடுவது இதில்தான், இடையில் இருபது ஆண்டுகள் போயிருந்தன. அந்த ஆல்பத்தில் சாக்ஸஃபோன் வாசித்த டிக் பாரியே இங்கும் வந்து முன்னிசை வாசிக்கிறார். நீண்ட காலம் வாய் திறக்காமல் தனக்குள் ஒடுங்கிக் கிடந்த ஒருவன் மெல்ல வெளியே வருவதே பாடலின் பொருள். ரைட்டின் குரல் வலுவானதல்ல, மேல் சுரங்களுக்கு அது போவதே இல்லை. ஆனால் இந்தப் பொருளுக்கு வலுவான குரல் பொய்யாகியிருக்கும். துணைப் பாடகிகள் அவர் வரிகளை வாங்கிப் பாடும்போதும், கில்மோர் நடுவில் நுழைந்து சில வரிகளைத் தான் ஏற்கும்போதும், பேச்சு மறந்துபோன ஒருவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல் எடுத்துக் கொடுப்பதுபோல இருக்கிறது. முன்பெல்லாம் இதன் மந்த நடை காரணமாக அடுத்த பாடலுக்குத் தாவிவிடுவேன். ஒலிநாடாவில் தாவுவது எளிதல்ல என்பதால் வேண்டாவெறுப்பாகக் கேட்டதும் உண்டு. ரைட் 2008இல் மறைந்த பிறகுதான் கூர்ந்து கேட்கத் தொடங்கினேன் என்று சொன்னால் அது அழகான கதையாக இருக்கும். உண்மையில் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கியதே காரணம்.

பாடல் வரிகளைப் பொறுத்தவரை எனக்குக் குறைகள் உண்டு. கில்மோர் இசையில் எவ்வளவு நுட்பமானவரோ, எழுத்தில் அவ்வளவு தயக்கமுள்ளவர். இதில் பல பாடல்களை, பின்னர் அவரை மணந்துகொண்ட எழுத்தாளர் பாலி சாம்சன் உடன் எழுதியிருக்கிறார். 'டேக் இட் பேக்' என்னும் பாடல் தனியாகவும் வெளியிடப்பட்டது. அதன் கித்தார் ஒலி கவர்ச்சியானது. ஆனால் மூன்றாவது முறை கேட்டபோது தந்ததற்கு மேல் அது இன்றுவரை எனக்கு ஒன்றும் தரவில்லை. வேறு ஏதோ ஒரு அரங்க ராக் குழுவின் பாடலாகவே அது பொருந்தியிருக்கும். பெர்லின் சுவர் விழுந்த பிறகு கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த நம்பிக்கையும் ஏமாற்றமும் 'எ கிரேட் டே ஃபார் ஃப்ரீடம்' பாடலில் பேசப்படுகின்றன. பொருள் பெரிது, ஆனால் செய்தித்தாளின் தொலைவிலிருந்து எழுதப்பட்டதாகத் தெரிகிறது. அதன் இறுதியில் கித்தார் எழும்போதுதான் ஏமாற்றம் உணர்வாக மாறுகிறது. 'கீப் டாக்கிங்' பாடலில் ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் கணினிக் குரல் வருகிறது. பிரிட்டிஷ் டெலிகாம் விளம்பரம் ஒன்றுக்காக அவர் தந்த பேச்சிலிருந்து எடுத்தது. பேச்சிழந்த மனிதரின் இயந்திரக் குரல், பேச்சின் அருமையைச் சொல்கிறது. எண்ணம் சிறந்தது என்றாலும், அடுத்தடுத்துக் கேட்கையில் அது பாடலுக்குள் கரையாமல் மேலே மிதக்கிறது. அதே பாடலில் வாயோடு இணைத்த குழாய் வழியாகக் கித்தாரைப் 'பேச' வைக்கிறார் கில்மோர். அந்தச் சில விநாடிகள் வரிகள் அனைத்தையும்விடத் தெளிவாகப் பேசுகின்றன.

'போல்ஸ் அபார்ட்' வரிகளிலும் வெற்றி பெற்ற பாடல். முதல் பகுதி, குழுவின் தொடக்ககாலப் பாடகராக இருந்து விலகிய சிட் பாரெட்டையும், அடுத்த பகுதி வாட்டர்ஸையும் நோக்கியது என்பது பொதுவான புரிதல். குற்றச்சாட்டாக முடிந்திருக்கக்கூடிய இடத்தில் விசாரிப்பாகவே நின்றுவிடுகிறது. நடுவில் ஒரு திருவிழாத் திடல் குழம்பிய கனவாக வந்து மறைகிறது. 'லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ்' இதே மனக்கசப்பைச் சற்று வெளிப்படையாகவே பாடுகிறது. 'கமிங் பேக் டு லைஃப்' முன்னிசைக்காகவே பலருக்குப் பிரியமானது, எனக்கும்தான்.

கடைசிப் பாடலான 'ஹை ஹோப்ஸ்' பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. கில்மோர், பாரெட், வாட்டர்ஸ் மூவரும் வளர்ந்த கேம்பிரிட்ஜின் தெருப் பெயர் வரிகளுக்குள்ளேயே வருகிறது. பொத்தாம்பொதுவான ஏக்கம் ஓர் ஊரின் மண்ணைத் தொட்டதால்தான் இந்தப் பாடல் இவ்வளவு நாள் நிலைத்தது என்பது என் எண்ணம். தேவாலய மணி ஒரே சுரத்தில் தொடர்ந்து அடிக்க, மைக்கேல் கேமனின் வாத்தியக் குழு பின்னால் திரள, மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கித்தாரில் கில்மோர் ஒரு நீண்ட தனி வாசிப்பை வாசிக்கிறார். வேகமில்லை, சுரங்களும் குறைவு; ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் விட்டுப் பிரிய மனமில்லாத வாசிப்பு. தொகுப்பின் பெயரும் இதன் வரிகளிலிருந்தே எடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களை வாக்களிக்க அழைக்கும் மணிக்கு அந்தப் பெயர். அதைச் சுட்டிக் காட்டியவர் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ், கைம்மாறாக அவர் விரும்பிய சுற்றுச்சூழல் அமைப்புக்கு நன்கொடை போனது. பாடல் அடங்கி மௌனம் நிலவிய பின், குழுவின் மேலாளர் ஸ்டீவ் ஓ'ரூர்க் தொலைபேசியில் சாம்சனின் சிறு மகன் சார்லியோடு பேச முயல்கிறார். சிறுவன் தொடர்பைத் துண்டித்துவிடுகிறான். செயலியில் கேட்பவர்கள் இதற்குள் வேறு ஏதாவது பாடலுக்குப் போயிருப்பார்கள்.

வாட்டர்ஸ் இந்த ஆல்பத்தைக் குப்பை என்று ஒதுக்கினார். அவர் இல்லாத பிங்க் ஃபிளாய்ட் பிங்க் ஃபிளாய்டே அல்ல என்போரோடு நான் வாதிடுவதில்லை, அவர் எழுத்தின் கூர்மை இங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் 'தி வால்' தொடங்கி வாட்டர்ஸின் கடைசி ஆல்பமான 'தி ஃபைனல் கட்' வரை இல்லாமல் போன ஒன்று இதில் இருக்கிறது: அறைக்குள் சேர்ந்து வாசிக்கும் மனிதர்களின் இசை. எனக்கு இரண்டும் வேண்டும். எனினும் எடுத்துக் கேட்பது இதைத்தான்.

வாங்க நினைப்பவர்களுக்காகச் சில விவரங்கள். முழு ஆல்பம் ஏறத்தாழ 66 நிமிடம்; ஒரே இசைத்தட்டில் அது அடங்காததால் 1994 இசைத்தட்டில் பல பாடல்கள் சுருக்கப்பட்டிருந்தன. சேகரிப்பவர்களுக்கு அதன் மதிப்பு வேறு. கேட்பதற்கு 2014இல் வந்த இரட்டைத்தட்டுப் பதிப்பே முழுமையானது. தட்டைப் புரட்ட எழ வேண்டியிருப்பதை நான் குறையாகக் கருதவில்லை, சில பாடல்களுக்குப் பின் சற்று ஓய்வு நல்லது. செலவு முக்கியமென்றால் பழைய சி.டி.யே போதும், அதன் ஒலியில் எனக்குக் குறை தெரியவில்லை. அட்டைப்படத்தில் கேம்பிரிட்ஜ்ஷைரின் ஈலி ஊருக்கு அருகில் ஒரு வயலில், ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இரண்டு பெரிய உலோகத் தலைகள். ஸ்டார்ம் தார்கர்சன் எண்ணம், ஜான் ராபர்ட்சன் செய்த சிற்பங்கள், நடுவே தொலைவில் ஈலி பேராலயம். இரண்டு பக்கத் தோற்றங்கள் சேர்ந்து மூன்றாவது முகம் ஒன்று தெரியும். ஒலிநாடாவில் கல் தலைகள் இருந்தன. செயலியின் சிறு சதுரத்தில் இவை எதுவும் தெரிவதில்லை. பாடல்களைக் கலைத்துப் போட்டுக் கேட்பதையும் தவிர்க்கலாம். முக்கியமாக 'கிளஸ்டர் ஒன்' முடிந்த கையோடு 'வாட் டு யூ வான்ட் ஃப்ரம் மீ' எரிச்சலோடு வெடித்து வருவது அந்த வரிசையில்தான் பொருள்படும்.

இதே பதிவுகளில் மிஞ்சியவற்றை வைத்து கில்மோரும் மேசனும் 2014இல் 'தி எண்ட்லெஸ் ரிவர்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். அது பெரும்பாலும் வாத்திய இசையே. நான் மேலே சொன்னதன்படி அது எனக்கு இதைவிடப் பிடித்திருக்க வேண்டும், ஆனால் பிடிக்கவில்லை; பாடல்களின் உரசல் இல்லாத இடத்தில் கருவிகளின் உரையாடலும் பதமாகி, பின்னணி இசையாகத் தேய்ந்துவிடுகிறது. ராயல் ஆல்பர்ட் ஹாலின் பெரிய ஆர்கனில் ரைட் பல ஆண்டுகளுக்கு முன் வாசித்த சிறு பகுதி ஒன்று அதில் இருக்கிறது, அதற்காக மட்டும் எப்போதாவது எடுப்பேன். முதன்முறை கேட்பவர்கள் 'தி டிவிஷன் பெல்'லில் தொடங்கட்டும், அதிலும் 'வேரிங் தி இன்சைட் அவுட்' வரும்போது தாவாமல் இருக்கட்டும்.