இரவு க்ரீமும் வலது கன்னமும்: கிட்டத்தட்ட இரண்டு வருட அனுபவம்

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆகின்றன. மாநிறம், வறண்ட தோல். வீடு குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான முட்டத்தில், வேலை தக்கலையில், போக வர ஸ்கூட்டர். இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. யாருடைய தோல், எந்த ஊர் வெயில் என்று தெரியாமல் ஒரு க்ரீமைப் பற்றிப் படித்து வாங்கினால் பணம்தான் வீணாகும். குளிர் நாட்டில் ஏசி அறையில் தூங்குகிற ஒருவருக்கு அருமையாக இருக்கிற க்ரீம், கடற்கரையில் மின்விசிறிக் காற்றில் வியர்த்துத் தூங்குகிற நமக்கு அப்படியே ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

நான் பூசுவது ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை 0.3 சதவீதம் உள்ள ஒரு இரவு க்ரீம். கூடவே நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை), செராமைடு (தோலிலேயே இருக்கும் ஒரு கொழுப்பு வகை), கிளிசரின். வாசனை சேர்க்காதது. பிராண்டின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒரே பிராண்டிலேயே நாலைந்து இரவு க்ரீம்கள் வருகின்றன, பாதியில் கலவையையும் மாற்றிவிடுகிறார்கள். டப்பாவின் முன்பக்கம் இளமை, பொலிவு என்று என்ன எழுதியிருந்தாலும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் தோல் அறியும். இந்தப் பொருட்களை வைத்துத் தேடினால் வெவ்வேறு விலையில் நிறையவே கிடைக்கும்.

க்ரீம் தேடப் போனதற்குக் காரணம் சுருக்கம் இல்லை. குளித்து முடித்ததும் முகம் இழுத்துப் பிடிக்கும். பவுடர் போட்டால் கண்ணோரக் கோடுகளில் போய்த் தங்கும். அதுவரை பழகிய சோப்பே எரிச்சல் தர ஆரம்பித்தது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் தோல் மெலிகிறது, எண்ணெய்ப் பசையும் ஈரமும் குறைகின்றன. நம் வீடுகளில் இதற்கு ஒரே வைத்தியம் தேங்காய் எண்ணெய். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். கைக்கும் காலுக்கும் இன்றைக்கும் அதுதான். ஆனால் எண்ணெய் செய்வது மூடி வைக்கிற வேலை. தோலில் இருக்கிற ஈரத்தை வெளியே போகாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். குறைந்துபோன கொலாஜனைத் திரும்ப உண்டாக்கத் தோலைத் தூண்டுகிற வேலை அதற்குத் தெரியாது.

அந்த வேலையைச் செய்வதாக நல்ல ஆதாரம் உள்ளவை மிகக் குறைவு. வைட்டமின் ஏ குடும்பம் அதில் முதல் இடம். இதன் வலுவான வடிவமான டிரெட்டினாயின், 1971இல் அமெரிக்காவில் பருவுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. பருவுக்குப் பூசியவர்களில் வயதானவர்களின் முகம் மிருதுவாவது தெரிய வந்து, வெயிலால் முதிர்ந்த தோலில் அதைத் தனியாக ஆராய்ந்த கட்டுரை 1986இல் வெளிவந்தது. டிரெட்டினாயின் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. க்ரீம்களில் வரும் ரெட்டினால் அதைவிட மென்மையானது. தோலுக்குள் போய், இரண்டு படி மாறிய பிறகுதான் வேலை செய்யும் வடிவத்துக்கு வரும். அதனால்தான் எரிச்சலும் குறைவு, பலனும் மெதுவாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் முகத்துக்கான க்ரீம்களில் 0.3 சதவீதத்துக்கு மேல் ரெட்டினால் கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஆகவே 1 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, அதுதான் சிறந்தது என்று ஓட வேண்டியதில்லை.

வாரத்தில் இரண்டு இரவு என்று ஆரம்பித்தேன். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. கண் இமை, மூக்கோரம், உதட்டோரம் மூன்றையும் விட்டுவிடுவேன். பிறகு சாதாரண மாய்ச்சரைசர். இவ்வளவு கவனமாக இருந்தும் முதல் மாதத்தில் தாடைப் பக்கம் உரிந்தது. ஊர்த் திருவிழா நேரம் வேறு. கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம் "என்னக்கா, வெயில்ல காஞ்சிட்டியா?" என்று கேட்டார்கள். உரிவது மெல்லியதாக, வலியில்லாமல் இருந்தால் அது தோல் பழகுகிற கட்டம். சிவந்து, வீங்கி, எரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். எனக்கு முதல் வகைதான். மாய்ச்சரைசரை முதலில் பூசி, அதற்கு மேல் ரெட்டினால், மறுபடி மாய்ச்சரைசர் என்று மாற்றியதும் அடங்கியது. பிறகு மெல்ல மெல்ல ஒன்று விட்டு ஒரு நாள் என்று கொண்டுவந்தேன். இப்போதும் அதே கணக்குதான். தினமும் பூச வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

நம் ஊர்க் காற்றுக்கு இந்த மாதிரி க்ரீம் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி, ஆடியில் கடற்கரைப் பக்கம் காற்று உப்போடு அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் துணிகூடக் காயாது. இந்த மாதங்களில் மேலே பூசும் மாய்ச்சரைசர் லேசான ஜெல்லாக இருந்தால் போதும். கனமான க்ரீம் போட்டால் தலையணை உறைதான் குடிக்கும். எனக்கு ஒரு தடவை கன்னத்து மேட்டில் கடுகு அளவில் வெள்ளைக் குருக்கள் வந்தன. கனமான மாய்ச்சரைசரை நிறுத்தியதும் மெதுவாகப் போயின. மார்கழி, தை மாதங்களில் மட்டும் கெட்டியான வகைக்கு மாறுகிறேன். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று வறட்டி எடுக்கும். அங்கே இருக்கிற என் தோழிக்கு வருடம் முழுவதும் கெட்டியானதுதான் சரிப்படுகிறது. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இத்தனை வித்தியாசம்.

சரி, பலன் என்ன? முதலில் மாறியது தொட்டால் தெரிகிற மாற்றம். தோல் நெருடலாக இல்லாமல் சமமானது. அதற்கு இரண்டு மூன்று மாதம். கண்ணோரத்து மெல்லிய கோடுகள் மங்கின என்று நான் நம்பிக்கையோடு சொல்ல அரை வருடத்துக்கு மேல் ஆனது. ஒரே ஜன்னல், ஒரே காலை வெளிச்சம், பவுடர் இல்லாத முகம் என்று மாதம் ஒரு படம் எடுத்து வைத்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது. கண்ணாடி தினமும் ஒரே முகத்தைக் காட்டுவதால் நமக்கே தெரியாது. மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் ஆழமான மடிப்பில் எந்த மாற்றமும் இல்லை. தாடைத் தொங்கலிலும் இல்லை. அதெல்லாம் தோலுக்கு அடியில் கொழுப்பும் எலும்பும் மாறுவதால் வருவது, க்ரீம் அங்கே எட்டாது. கழுத்துக்கு வாரம் ஒரு தடவைதான் பூசுகிறேன். அங்கே தோல் மெல்லியது, சீக்கிரம் எரியும்.

இந்த அனுபவத்தில் நான் முக்கியமாக நினைப்பது இனி சொல்லப்போவதைத்தான். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது இடது கன்னம் தெளிவாக மாறியிருந்தது. வலது கன்னத்தில் மங்கு என்கிற கரும்படை அப்படியே, கோடுகளும் பெரிதாகக் குறையவில்லை. ஒரே டியூப், ஒரே கை, ஒரே இரவு. நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் படங்களைக் காட்டினேன். அவர் க்ரீமைப் பற்றிக் கேட்கவே இல்லை. "தினமும் எந்தப் பக்கம் போய் வர்றீங்க?" என்றார்.

காலையில் முட்டத்திலிருந்து திங்கள்சந்தை, இரணியல் வழியாகத் தக்கலைக்குப் போகிறேன். அது ஏறக்குறைய வடக்கு நோக்கிய பயணம். கிழக்கு வெயில் வலது பக்கம். மாலையில் தெற்கு நோக்கித் திரும்புகிறேன். மேற்கு வெயில், அதுவும் வலது பக்கம். இத்தனை வருடமாக ஒரு நாளில் இரண்டு தடவையும் வெயில் வாங்கியது ஒரே கன்னம்தான். காலையில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டுதான் கிளம்புவேன். ஆனால் மாலைக்குள் அது வியர்வையில் கரைந்து, கைக்குட்டையோடு போயிருக்கும் என்று அவர் சொன்னபோது எனக்கு எல்லாம் விளங்கியது.

வெயிலில் வரும் புற ஊதாக் கதிர்களில் யூவிஏ, யூவிபி என்று இரண்டு வகை நம் தோலைத் தொடுகின்றன. தோலை முதுமையாக்குவதில் பெரும் பங்கு யூவிஏ கதிருக்கு. அது தோலின் ஆழம் வரை போய்க் கொலாஜனைச் சிதைக்கிற நொதிகளைக் கிளப்பிவிடும். சுட்டெரிக்கிற யூவிபி மத்தியானத்தில் ஏறி மாலையில் விழுந்துவிடும். யூவிஏ அப்படி இல்லை, காலையிலும் மாலையிலும் கணிசமாக இருக்கும். மேகத்தையும் கண்ணாடியையும்கூட ஊடுருவும். ஆகவே இதமான மாலை வெயில்தானே என்ற நினைப்பு தோலுக்குப் பொருந்தாது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 டிகிரியில். பங்குனிக் கடைசியில் ஒரு தடவை, ஆவணி நடுவில் ஒரு தடவை என்று வருடத்தில் இரண்டு முறை சூரியன் நேராக நம் உச்சந்தலைக்கு மேல் வந்து போகிறது. வெயில் லேசாகிவிட்டது என்று சொல்லும்படியான ஒரு மாதம் நமக்குக் கிடையாது.

ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 900க்கு மேற்பட்டவர்களை வைத்து நாலரை ஆண்டுகள் ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2013இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களுக்கு, விருப்பப்படி பூசியவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களில் யாரும் இரவு க்ரீமுக்காக அங்கே சேரவில்லை. பகலில் பூசிய சன்ஸ்கிரீனே அவ்வளவு செய்திருக்கிறது.

அப்புறம் நான் செய்தது எளிதுதான். மாலை ஆபீசிலிருந்து கிளம்பும் முன் முகம் கழுவி மறுபடி சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் வருகிற அளவு, முகத்துக்கும் கழுத்துக்கும். எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அது பெரும்பாலும் யூவிபியைத்தான் குறிக்கும். பிஏ என்று போட்டு அதன் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் யூவிஏவுக்கு. நம் நிறத்துக்குச் சில வகைகள் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். லேசாக நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுப்பதால் மங்குக்கு இன்னும் நல்லது. ஹெல்மெட்டுக்குள் பருத்தித் துணியும் சுற்றிக்கொள்கிறேன். அடுத்த மழைக்காலத்துக்குள் வலது கன்னம் இடதை எட்டிப் பிடிக்க ஆரம்பித்தது. இன்னும் சமமாகவில்லை. ஆனால் அதே க்ரீம், அதே அளவுதான் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு க்ரீமைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பாதி வீட்டில் யாராவது வளைகுடாவில் இருக்கிறார்கள். அண்ணன் லீவுக்கு வந்தபோது மைனிக்கு ஒரு சின்ன டப்பா வந்தது. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "நீ பூசுறது ஒண்ணும் வேலைக்காவாது பிள்ளே, இதப் போடு" என்று எனக்கும் கொஞ்சம் எடுத்துத் தந்தார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. "மைனி, தயவுசெஞ்சு இத விட்டுருங்க" என்று அன்றைக்கே கெஞ்சினேன். பத்து நாளில் வெளுப்பாக்குகிற க்ரீமில் பெரும்பாலும் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கும். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். 2023இல் பக்கத்து மாநிலத்தில், மலப்புறம் மாவட்டத்தில், வெளுப்பு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். ஸ்டீராய்டு வேறு வகை ஆபத்து. தோலை மெலிய வைக்கும், நரம்பு தெரியும், முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் சிவந்து கொப்பளிக்கும். மைனி கோபித்துக்கொண்டார், ஆனால் சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சம்மதித்தார். நல்லவேளை, ஒன்றும் இல்லை. அந்த டப்பா இப்போது வீட்டில் இல்லை.

வாங்கும்போது வாய் அகன்ற டப்பாவைவிட டியூப் அல்லது அழுத்தி எடுக்கும் பம்ப் நல்லது. காற்றும் வெளிச்சமும் பட்டால் ரெட்டினால் கெட்டுவிடும். க்ரீம் நன்றாக மஞ்சளாகிவிட்டால் நான் அதை முகத்துக்குப் பூசுவதில்லை. ஜன்னலோரத்தில் வைக்காமல் அலமாரிக்குள் வையுங்கள். என்னுடைய 30 கிராம் டியூப் மூன்று மாதத்துக்கு மேல் வருகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் சன்ஸ்கிரீனுக்குத்தான் அதிகம் செலவாகிறது. இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் சன்ஸ்கிரீனை வாங்குங்கள் என்றுதான் என் தங்கைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் வீட்டுக்கு வந்த மகள், "அம்மா, நானும் கொஞ்சம் பூசிக்கவா?" என்று கேட்டாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, குழந்தைக்குக் காத்திருக்கிறார்கள். வைட்டமின் ஏ வகை மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யக்கூடியவை. பூசும் ரெட்டினால் உடம்புக்குள் மிகக் குறைவாகவே போகிறது என்றாலும், கர்ப்பத்திலும் அதற்குத் திட்டமிடும்போதும் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால் டியூபை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, நியாசினமைடு மட்டும் உள்ள வேறொரு க்ரீமும், நான் பூசுகிற சன்ஸ்கிரீனில் புதிதாக ஒரு டியூபும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.