நீல அட்டை அகராதியும் ஒரு வினைச்சொல்லும்

வடசேரி பேருந்து நிலையத்துக்கு அருகில் 140 ரூபாய்க்கு வாங்கிய ஆங்கிலம்–தமிழ்க் கையகராதி இது. நீல அட்டை. தக்கலையில் என் வீட்டுத் திண்ணையில் டியூஷன் படிக்கும் பதினொரு பிள்ளைகளையும் இதையே வாங்கச் சொன்னேன். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இதை எழுதுகிறேன்.

தையல் நன்றாக இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழை; இரண்டிலும் நனைந்த பைக்குள் கிடந்தும் ஒரு தாள் கழன்று வரவில்லை. எழுத்து என் கண்ணுக்கே தெரிகிறது.

கோளாறு, பொருள் சொல்வதில். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், வீட்டுப்பாடம் எழுதாததற்காக ஆசிரியர் வகுப்பில் திட்டியதை ஷார்ஜாவிலிருக்கும் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் எழுதினான். நான் கொடுத்த பயிற்சிதான். திட்டியதற்கு ‘சாஸ்டைஸ்’ (chastise) என்று போட்டிருந்தான். சரியான சொல். அப்பா அர்த்தம் கேட்டு வீட்டுக்கு ஃபோன் செய்ய, அம்மா மகன் பையிலிருந்த நீல அட்டையைப் புரட்டியிருக்கிறார். அதில் இருப்பது இரண்டே சொல்: ‘தண்டி, அடி.’

அன்று இரவே என் வாசலில் நின்றார். “டீச்சர், பிள்ளையை அடித்திருக்கிறார்களே!” பையனின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், ஒரு கோடுகூட இல்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009, 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்கிறது. அந்த ‘அடி’ ஒரு ஆசிரியரின் வேலைக்கே உலை வைத்திருக்கும்.

அகராதி பொய் சொல்லவில்லை. பழங்கதையை இன்றைய செய்தியாகச் சொல்லிவிட்டது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், தகப்பன் சவுக்கால் தண்டித்தான், நான் தேளால் தண்டிப்பேன் என்று ரெகொபெயாம் என்ற அரசன் மிரட்டும் இடத்தில் இதே வினைச்சொல்தான். அங்கே தோல் உரியும். இன்று நீதிமன்றம் அதிகாரிகளை ‘சாஸ்டைஸ்’ செய்தது என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதினால், யாரும் உள்ளே போகவில்லை, நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்கள் என்றுதான் பொருள். நாம் ‘கண்டித்தது’ என்போம். திருடனுக்கு மூன்றாண்டுச் சிறை என்றால் அது ‘பனிஷ்’. கடுமொழி வேறு, கையிகந்த, அதாவது அளவுமீறிய, தண்டம் வேறு என்று வள்ளுவர் பிரித்தே வைத்திருக்கிறார். 133 அடி உயரத்தில் நம் கடலில் நின்றும் அகராதிக்காரர் கண்ணில் படவில்லை!

‘காஸ்டிகேட்’டுக்கும் (castigate) ‘தண்டி’தான் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே லத்தீன் வயிற்றில் பிறந்தவை, உண்மை. ஆனால் ‘காஸ்டிகேட்’ பலர் அறியக் காரசாரமாகச் சாடுவது. அதே வயிற்றில் பிறந்த மூன்றாவது, ‘சேஸன்’ (chasten), ஒருவரைத் தலைகுனிந்து அடங்கச் செய்வது. அதில் ‘டி’ ஒலிக்காது. இந்த அகராதி ‘சேஸ்டன்’ என்கிறது.

எங்குமே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் கிடையாது. யார், யாரை, எதற்காக என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த அம்மா இருட்டில் நடந்து வந்திருக்க மாட்டார்.

மறுநாள் பதினொரு பிரதிகளிலும் ‘அடி’யைப் பென்சிலால் அடித்துவிட்டு ‘கடிந்துகொள்’ என்று எழுதிக்கொடுத்தேன். இப்போதைக்கு ‘சி’ எழுத்தில் பாதி முடிந்திருக்கிறது.