முதல் நாளே 100 ஸ்குவாட் போட வைக்கும் ஜிம்: எல்லைப் பக்கம் சேரப் போகிறவர்கள் கவனத்துக்கு

குமரி மாவட்டம் பளுகல் பக்கத்துப் பெண் ஒருவர், 44 வயது, தையல் கடை வைத்திருப்பவர். உடற்பயிற்சி என்று இதுவரை எதுவும் செய்ததில்லை. எல்லையைத் தாண்டி, கேரளத்துப் பாறசாலைப் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்தார். திங்கட்கிழமை முதல் வகுப்பு. வியாழக்கிழமை தொடை வீங்கி, கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் மூத்திரம் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப் ஏற்றினார்கள். கட்டியிருந்த 26,560 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை. கேட்டதற்கு, "திருப்பித் தர மாட்டோம்னு ரசீதிலேயே எழுதியிருக்கே சேச்சி" என்று பதில். அந்த வரி மலையாளத்தில் இருந்தது. மலையாளம் நன்றாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது என்கிற நிலையில் களியக்காவிளை, ஊரம்பு, பளுகல் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

அவர் சம்மதத்தோடு, அவரிடம் உள்ள ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். ஜிம்மின் பெயரைப் போடவில்லை. ஆனால் புதிதாகச் சேர வருகிறவரை நடத்துகிற இந்த முறை எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு.

சேர்ந்த அன்று முதல் வேலையாக அவரை ஒரு கொழுப்பு அளக்கும் மெஷினில் ஏற்றினார்கள். சிவப்பு எழுத்தில் 38 சதவீதம், "உடம்பின் வயது 58" என்று வந்தது. பயந்துபோனார். அந்த மெஷின் உடம்புக்குள் மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்துக் கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால், வியர்த்திருந்தால், சாப்பிட்ட கையோடு ஏறினால் எண் மாறும். ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், மாதம் ஒரு முறை பார்த்து ஏற்ற இறக்கம் கவனிக்கலாம். ஒரு தடவை வந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது விற்பனைக்காக மட்டுமே.

மெஷினில் ஏற்றத் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிரஷர் மாத்திரை உண்டா, சர்க்கரை உண்டா, நடக்கும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்ததுண்டா, மூட்டு எப்படி, ஆபரேஷன் எதுவும் நடந்திருக்கிறதா? இதைக் கேட்டு எழுதி வாங்காத இடத்தில் பணத்தை எடுக்கவே வேண்டாம். நெஞ்சு வலி, மயக்கம், கட்டுப்படாத பிரஷர் இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பையில் இனிப்பு வேண்டும், கூட இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்தத் திங்கட்கிழமை. ட்ரெட்மில்லில் 15 நிமிடம், பிறகு நின்றபடி முட்டி மடக்கி இறங்கி எழும் ஸ்குவாட் 100, பிறகு காலை முன்னே வைத்து இறங்கும் லஞ்சஸ் ஒவ்வொரு காலுக்கும் 30, கடைசியில் தரைக்குப் போய் எழுந்து குதிக்கும் பர்ப்பி. ஜன்னல் சாத்திய அறை, ஃபேன் மட்டும். இடையில் தண்ணீர் குடிக்கப் போனால் "இப்பக் குடிச்சா வயிறு பிடிக்கும்" என்று தடுத்திருக்கிறார் டிரெயினர். மறுநாள் படி இறங்க முடியவில்லை என்று வாட்ஸ்அப்பில் சொன்னதற்கு வந்த பதில்: "வலிச்சாத்தான் சேச்சி பலன். நாளைக்கு வாங்க, வலியை வலியாலே எடுப்போம்." புதன்கிழமை மீண்டும் கால்களுக்கே வேலை கொடுத்தார்கள்.

இதில் எது தப்பு என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. மேலே ஏறுவதைவிட இப்படி இறங்கும்போதுதான் தசை இழைகள் அதிகம் சிதைகின்றன. லஞ்சஸ், மாடிப்படி இறங்குதல், இறக்கத்தில் ஓடுதல் எல்லாம் இந்த வகை. பழக்கமே இல்லாத தசைக்கு ஒரே நாளில் இதை நூற்றுக்கணக்கில் கொடுத்தால் இழைகள் உடைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். உடம்பில் தண்ணீர் குறைவாக இருந்தாலோ, புழுக்கத்தில் செய்தாலோ ஆபத்து கூடும். கொழுப்புக்கு ஸ்டேட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அதே தசைக்கு முதல் தடவை கொஞ்சமாக வேலை கொடுத்தால், அந்தச் சிறு வேலையே அடுத்த சில வாரங்களுக்கு ஒரு பாதுகாப்பைத் தந்துவிடுகிறது. அடுத்த தடவை கொஞ்சம் கூட்டினாலும் சேதம் குறைவாகத்தான் இருக்கும். புதியவருக்கு முதல் வாரம் ஒரே ஒரு செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) போதும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். இது டிரெயினர்களுக்கான எந்தப் படிப்பிலும் ஆரம்பப் பாடம். இது தெரியாமல் ஒருவர் ஆட்களைப் பயிற்றுவிப்பதை மன்னிக்க முடியவில்லை.

சாதாரண வலிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சாதாரண வலி பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம் தொட்டு, பிறகு தானே குறையும். மெல்ல நடந்தால் இதமாக இருக்கும். வலி தாங்க முடியாமல் போனால், தசை வீங்கி இறுகினால், முட்டியையோ முழங்கையையோ மடக்க முடியாவிட்டால், மூத்திரம் கறுத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. குழித்துறை, நெய்யாற்றின்கரை, ஆசாரிப்பள்ளம், எது பக்கமோ அங்கே. டாக்டரிடம் "புதுசா ஜிம்முக்குப் போனேன், மூத்திரம் கறுப்பா போகுது" என்று நீங்களே சொல்லுங்கள், தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். சாதாரணமாக 200க்குள் இருக்க வேண்டியது இவருக்குப் பல ஆயிரம் இருந்தது. முக்கியமாக, மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுப் படுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அந்த நிலையில் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி.

அப்படியானால் புதியவர் எப்படித் தொடங்குவது? பணம் கட்டாமலே முதல் 6 வாரம் வீட்டில் செய்யலாம். வாரம் 2 நாள், நடுவில் குறைந்தது 2 நாள் இடைவெளி, உதாரணமாகச் செவ்வாயும் வெள்ளியும். அதிகாலையில் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் வேலை முடிந்து சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரமாவது கழித்துச் செய்யட்டும்.

சாதாரண நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது முதலாவது. முட்டி உள்பக்கம் மடியக் கூடாது, குதிகால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. முட்டி வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அடுத்தது சுவரில் கை ஊன்றிப் புஷ்-அப்: கை நீட்டும் தூரத்தில் நின்று, உடம்பு நேராக இருக்க, மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். பிறகு மல்லாந்து படுத்து, முட்டி மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது. நான்காவது, 5 லிட்டர் தண்ணீர் உள்ள வாளியைத் தரையிலிருந்து தூக்குவது. இதில்தான் ஆட்கள் முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வாளி காலை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பைப் பின்னே தள்ளிக் குனிய வேண்டும், முதுகு கூன் போடக் கூடாது. வாளி ஒரு சாண் முன்னே போனாலே இடுப்பில் விழும் சுமை கூடிவிடுகிறது. கடைசியாக அதே வாளியை ஒரு கையில் பிடித்து, மறு கையை மேசையில் ஊன்றி, இடுப்பு நோக்கி இழுப்பது, இரண்டு கைக்கும்.

முதல் வாரம் ஒவ்வொன்றும் 8 தடவை, ஒரே செட். இரண்டாம் மூன்றாம் வாரம் 2 செட். நான்காம் வாரத்திலிருந்து 10 முதல் 12 தடவை. செட்டுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் ஓய்வு. இன்னும் 3 தடவை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் பிரஷர் ஏறும். பாரம் தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் 12 தடவை சிரமமில்லாமல் வந்தால் மட்டும் கூட்டலாம்: நாற்காலிக்குப் பதில் தாழ்ந்த ஸ்டூல், சுவருக்குப் பதில் மேசை விளிம்பு, வாளியில் இன்னும் 2 லிட்டர். ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும்.

மற்ற நாட்களில் நடை. 10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 5 நிமிடம் கூட்டி, 30 நிமிடம் வரை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, வேகம் அவ்வளவுதான். வாரம் 5 நாள் 30 நிமிடம் என்றால் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்சமான 150 நிமிடம் வந்துவிடும். தசைக்கான பயிற்சி வாரம் 2 நாள் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

இதைச் செய்துவிட்டு ஜிம்முக்குப் போனால் உங்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அப்போதும் மாதச் சந்தாவில் சேருங்கள். அந்த ஜிம்மில் மாதம் 1,500, ஆண்டுக்கு 12,000. "இன்னைக்குக் கட்டினால்தான் இந்த விலை" என்றார்கள். கணக்குப் பார்த்தால் 8 மாதம் முழுசாகப் போனால்தான் ஆண்டுச் சந்தாவில் லாபம் தொடங்கும். மூன்று மாதத்தில் நின்றுபோகிறவருக்கு 7,500 ரூபாய் நஷ்டம். ஆண்டுப் பணம் கையில் வந்த பிறகு நீங்கள் வராமல் இருந்தால் ஜிம்முக்கு மிச்சம்தான். முதல் வாரமே ஆளை அடித்துப் போடும் பயிற்சியை அவர்கள் மாற்றாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் நம்புகிறோம். ஈஎம்ஐயில் கட்டினால் இன்னும் மோசம். அது ஜிம்முக்குக் கட்டும் தவணை போலத் தெரியும், உண்மையில் நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுத்த கடன். ஜிம் மூடினாலும் தவணை ஓடும்.

அவருடைய ரசீதில் ஜிஎஸ்டி என்று 2,160 ரூபாய் சேர்த்திருந்தார்கள். அது 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கான வரி 5 சதவீதம்தான், அதாவது 12,000க்கு 600. இவர் சேர்ந்தது அதற்குப் பிறகு. அதைவிட முக்கியம், ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. எண் இல்லாதவர் வரி வாங்கவே முடியாது. எண் 15 இலக்கம், கேரளப் பதிவு என்றால் 32 என்றும் தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்றும் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று இலவசமாகப் பார்க்கலாம். பெர்சனல் டிரெய்னிங்குக்கான 9,000 டிரெயினரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போயிருந்தது. ஜிம் முதலாளி "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம்" என்று கைகழுவிவிட்டார். ஜிம்மின் கணக்குக்குப் போகாத பணத்தைக் கட்டாதீர்கள்.

மிச்சம் 3,400 ரூபாய் புரோட்டீன் பவுடருக்கு, ஒரு கிலோ டப்பா. லேபிளில் பேட்ச் எண்ணும் இல்லை, உணவுப் பொருளுக்கான 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் இல்லை. ஒரு ஸ்கூப் 100 ரூபாய்க்கு மேல் வருகிறது. நல்ல பவுடரே ஆனாலும் ஸ்கூப்புக்கு 24 கிராம் அளவில்தான் புரதம், நாலு முட்டையில் உள்ளது அதுதான். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை. நூறு கிராம் சாளை மீனில் 20 கிராம் அளவில் இருக்கிறது, 50 கிராம் சிறுபயறில் சுமார் 12. மரச்சீனியில் (மரவள்ளிக் கிழங்கு) அனேகமாக இல்லை, அதனால் மரச்சீனி தின்கிற அன்று மீன்கறியை விடாதீர்கள். 2024இல் ஐசிஎம்ஆரும் அதன் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் (என்ஐஎன்) வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது. பவுடரோடு ஊசி, மாத்திரை என்று எதையாவது நீட்டினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டீராய்டை டாக்டர் சீட்டில்லாமல் விற்பதே குற்றம்.

ஏமாந்தவர்கள் "கேரளா போய் எங்கே கேஸ் போடுவது" என்று விட்டுவிடுகிறார்கள். போக வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊருக்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். குமரி மாவட்டக்காரர்களுக்கு அது நாகர்கோவில். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். பிறகு என்ன நடந்தது, எவ்வளவு திரும்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர மாட்டோம் என்று அச்சடித்திருப்பதால் உங்கள் புகார் செல்லாமல் போய்விடாது. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் சிபிகே ரிப்போர்ட்டும் வேண்டும்.

புகாருக்கு முதலாளியின் சரியான பெயரும் முகவரியும் தேவை. இவருக்கு அதுதான் பெரிய தடையாக இருக்கிறது, ரசீதில் ஜிம்மின் பெயரும் ஒரு செல் எண்ணும் மட்டும். கேரளத்தில் ஜிம் நடத்த 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் பஞ்சாயத்து அல்லது நகரசபை உரிமம் வேண்டும் என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் கட்டும் முன்பே அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லி, பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.